தண்ணி இல்லாத சேலம் ஜில்லா

ஷ்னாப்ஸ் என்று ஜெர்மன்காரர்கள் ஒரு சரக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பென்று கவ்வுவதைச் சொல்லும் வினைக்கு அது சொந்தக்காரச் சொல். ஆதியில் ‘ஒரு மடக்கு’ என்றுதான் பொருள். உள்ளே இருப்பது பழமா தானியமா என்ற கவலை பெயருக்குக் கிடையாது, விழுங்கும் வேகம்தான் முக்கியம்.

அந்தப் பெயருக்கு முழுத் தகுதியுள்ள ஒரு குடிகாரர் பழைய சென்னை மாகாணத்தில் இருந்தார். அவருக்கு சர்க்கார் என்று பெயர். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் கொண்டுவந்து கொட்டிய ஆயத்தீர்வையை, மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கை, வருஷா வருஷம் முகம் சுளிக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.

குடியை ஒழிக்க நம் பக்கத்தில் முயற்சிக்குக் குறைவில்லை. 1921-ல் ஈ.வெ.ரா. சேலம் தாதம்பட்டியில் இருந்த தம் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். குடித்தவன் வீட்டுக்குப் போனான். மரத்துக்கு மரண தண்டனை. 1929-ல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை போட்டார். உடனிருந்து உழைத்தவர் கல்கி. பத்து இதழோடு பத்திரிகைக்குத்தான் விமோசனம் கிடைத்தது.

1937 ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார். இனி மரத்திடமும் வாசகரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு என்றார். பரிசோதனைக்குச் சொந்த ஜில்லாவையே கொடுத்த பெருந்தன்மையை, அதில் குடியிருந்த குடிமக்கள் எப்படி ரசித்தார்கள் என்பது வேறு கதை.

மேட்டூர்க்காரரின் நிலைமைதான் பரிதாபம். மூன்று வருஷம் முன்புதான், 1934-ல், அணையைத் திறந்து 120 அடிக்குத் தண்ணீர் தேக்க வழி செய்திருந்தார்கள். இப்போது தண்ணியை நிறுத்திவிட்டு, இந்தத் தண்ணீரைக் குடி என்றார்கள். கொஞ்சம் கீழே பூலாம்பட்டியில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் நெரிஞ்சிப்பேட்டை. அது கோயம்புத்தூர் ஜில்லா. மதுவிலக்குச் சட்டத்துக்கு நீச்சல் தெரியாது. பரிசல்காரருக்குத் துடுப்புப் போடத் தெரியும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பனையேறியின் பாடு இன்னும் நுட்பமானது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவ மறந்தால் கள். உத்தமனுக்கும் கைதிக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

இத்தனை கெடுபிடியிலும் குடியனாவது ஒருவழியாக மோருக்குப் பழகியிருப்பான். சர்க்காருக்குத்தான் கை நடுங்கத் தொடங்கியது. மதுவிலக்கு அடுத்தடுத்த ஜில்லாக்களுக்குப் பரவப் பரவ, வருமானமும் வற்றியது. 1939-ல் ராஜாஜி மருந்து கண்டுபிடித்தார்: பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே அந்த மாதிரியில் முதல் வரி. அதாவது, குடிகாரன் குடிக்காமல் இருப்பதற்கான செலவை, ஒருநாளும் குடிக்காத மளிகைக்கடைச் செட்டியார் கட்ட வேண்டும்.

அதே வருஷம் மந்திரிசபை ராஜினாமா செய்தது. கவர்னர் ஆட்சி வந்து, போர்க்காலத்திலேயே மதுவிலக்கை மூட்டை கட்டியது. சரக்கு திரும்பி வந்ததே, வரியும் திரும்பிப் போயிருக்குமே என்று நினைக்கிறீர்களா? சர்க்கார் கையில் ஏறிய வரி இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பிறகு 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் அதற்கு விடுமுறை. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கைக்கு வந்தது. நெடுநாள் பத்தியம் இருந்த சர்க்கார், இந்த முறை இலைக்குப் பதில் பந்தியையே எடுத்துக்கொண்டார்.

ஆனால் ராஜாஜியின் 1937 சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. கடைகளுக்கும் பார்களுக்கும் விதி வகுத்திருப்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான். கவனிக்கும் துறையின் பெயரிலும் மதுவிலக்கு இருக்கிறது. ஆக, மேட்டூரில் ஒருவர் இன்று மாலை வாங்கப்போகும் குவாட்டருக்கும், சட்டப்படி பார்த்தால், ராஜாஜிதான் ஜவாப்தாரி.