முதலில் பஸ் ஏறுங்கள்

பாஸ்டன் மாரத்தான் முடிவது பாஸ்டனில், தொடங்குவதோ 42.195 கிலோமீட்டர் தள்ளி, ஹாப்கின்டனில். 1924 முதல் இதே ஏற்பாடுதான். ஆகவே ஏப்ரல் மூன்றாம் திங்களன்று, உலகின் பல மூலைகளில் ஓடித் தகுதி பெற்ற சூரர்கள், மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளுக்கான சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு போகிறார்கள். பஸ் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவு தூரத்தையும் திரும்பக் கால்நடையாகவே வரவேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். பேச்சு அடங்கிவிடும்.

இறங்கியதும் முதல் போட்டி கழிப்பறை வரிசையில். அதில் தகுதி நேரமெல்லாம் செல்லுபடியாகாது. பிறகு புல்தரையில் காத்திருப்பு. முந்நூறு டாலர் காலணிக்கு மேலே, குளிருக்குக் கழுத்துவரை குப்பைப் பை. பழைய ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்கு வந்தால், பக்கத்தில் நிற்கும் ஹாப்கின்டன்காரர் வீட்டிலிருந்து நடந்தே வந்தாராம்.