உள்ளே வந்தவன் ரூட் ஆன கதை

கே: லினக்ஸ் உலகத்தைக் கலங்கடித்த 'பவ்ன்கிட்' என்பது என்ன?

ப: லினக்ஸில் அனுமதிகளைக் கையாளும் போல்கிட் தொகுப்பில் வரும் பிகேஎக்ஸெக் என்ற கட்டளையில் இருந்த ஓட்டை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் எதுவும் தப்பவில்லை. சாதாரண யூசர் கணக்கு ஒன்று கையில் இருந்தால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் ரூட், அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி, ஆகிவிடலாம். குவாலிஸ் நிறுவனம் கண்டுபிடித்து 2022 ஜனவரி 25 அன்று அறிவித்தது.

கே: ஒரு சின்னக் கட்டளையில் அப்படி என்ன கோளாறு?

ப: எண்ணுவதில் கோளாறு. எந்த புரோகிராமை ஓடவிட்டாலும் அதற்கு ஒரு சொற்பட்டியல் போகும். முதல் சொல் வழக்கமாக அதன் பெயர். அந்த ஒரு சொல்லாவது கட்டாயம் இருக்கும் என்று பிகேஎக்ஸெக் நம்பியது. பட்டியலைக் காலியாக அனுப்பினால், இல்லாத சொல்லைத் தேடி எல்லை தாண்டிப் போய், மெமரியில் அடுத்து இருக்கும் சூழல் மாறிகளை, அதாவது புரோகிராமுக்குத் தரப்படும் அமைப்பு விவரங்களை, படிக்கும். படித்ததோடு விடாமல் அங்கே எழுதவும் செய்யும். வில்லங்கம் அங்கேதான். ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்களுக்கு ஆபத்தான மாறிகளை லினக்ஸ் முன்பே களைந்துவிடும். களைந்ததை இந்த வழியாகத் திரும்ப நுழைக்கலாம். பிறகு ஒரு பிழைச் செய்தியை அச்சிடப் போகும்போது, தாக்குபவர் வைத்த லைப்ரரியை பிகேஎக்ஸெக் ரூட்டாகவே ஏற்றிக்கொள்ளும்.

கே: எத்தனை நாளாக இப்படி?

ப: பிகேஎக்ஸெக் 2009 மே மாதம் பிறந்ததிலிருந்தே. 12 வருஷத்துக்கும் மேல்! மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. 2013-லேயே ஒருவர் இந்தக் காலிப் பட்டியல் சிக்கலைப் பற்றி எழுதியும் இருந்தார்; அதைச் சுரண்டும் வழி மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. சுரண்டும் வழி தெரியவில்லை என்பதற்காக ஒரு பிழையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கே: 'லோக்கல்' ஓட்டைதானே? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தானே ஆபத்து?

ப: இல்லவே இல்லை. வெப்சைட்டின் பலவீனம் வழியாக நுழைபவருக்கு முதலில் கிடைப்பது அதிகாரம் குறைந்த கணக்குதான். அங்கிருந்து ரூட்டுக்கு ஏற இதுதான் ஏணி. அமெரிக்காவின் சீசா அமைப்பு, நிஜத் தாக்குதல்களில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் 2022 ஜூனில் இதையும் சேர்த்தது.

கே: லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் எப்படித் தப்பியது?

ப: காலிப் பட்டியலோடு வந்தால் அதன் கர்னல் ஓடவே விடாது. லினக்ஸ் கர்னலும் 5.18 முதல் ஒரு வெற்றுச் சொல்லைத் தானே சேர்த்துவிடுகிறது.

கே: என் பழைய சர்வருக்கு அப்டேட் கிடைக்கவில்லையே?

ப: பிகேஎக்ஸெக் கோப்புக்கு சிஎச்மாட் 0755 போட்டு அதை ரூட் அதிகாரத்தோடு ஓடவிடும் எஸ்யூஐடி பிட்டை எடுத்துவிடுங்கள். பிகேஎக்ஸெக்கை நம்பியிருக்கும் சில வேலைகள் நின்றுபோகும். பரவாயில்லை, இன்றே செய்யுங்கள்.