ஏறி உக்காந்தது வண்டிக்குத் தெரியோணுமல்ல

ஏன் மாப்ள, இடுப்பப் புடிச்சுட்டே வாறயே, வண்டி வாங்குனயா வெனைய வாங்குனயா? "மாமா, பின்னாடி கட்டையா அடிக்குது, சாக்கப்சர் போயிருச்சு, புதுசு ஆர்டர் போடப் போறேன்"ங்கற. போடு சாமி, தாராளமாப் போடு. காசு உன்னுது, கடைக்காரனும் புள்ளகுட்டிக்காரன். அதுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்றதச் சித்தெ கேட்டுட்டுப் போ. கூலி ஒண்ணும் வேண்டாம், ஒரு டீ சொல்லு.

சாக்கப்சர் போனா எப்படி இருக்கும்னு தெரியுமா? எண்ணெய் கசியும். ஒரு குழியில எறங்கி ஏறுனா, அக்கட்டப் போயியும் தவ்விட்டே இருக்கும். போன சாக்கப்சர் பெரும்பாலும் தொளதொளன்னு ஆகுமே தவிர இப்படி வெறைச்சுக்காது. உன்னுது வெறைப்பா நிக்குது. அப்போ முதல்ல பாக்க வேண்டியது அதையல்ல, அதச் சுத்தி இருக்கறத.

மொதல்ல டயர்ல காத்து எத்தனை இருக்குதுன்னு பாத்தயா? பாத்திருக்க மாட்டே. அதுல செலவு இல்லையே, உனக்கெப்படி நெனப்பு வரும்! எத்தனை வெக்கோணும்னு வண்டியிலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். தனியா போனா ஒரு கணக்கு, பின்னாடி ஆள் இருந்தா வேற கணக்கு. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னால அளந்து பாரு. ரோட்டோரம் காத்தடிக்கறவனுக்கு லாரியும் ஒண்ணுதான், நீயும் ஒண்ணுதான்.

அடுத்தது, உனக்கு வித்தானே அந்த மகராசன், அவன் எப்படி ஓட்டுனான்னு கேட்டயா? லடாக் போன போட்டோவைக் காட்டுனான்னு பெருமையாச் சொன்னயே, அதையே நல்லா உத்துப் பாரு. பின்னால சம்சாரம், ரெண்டு பக்கமும் தகரப் பெட்டி, மேல ஒரு மூட்டை. அத்தனை பாரத்துக்கும் ஸ்பிரிங் வளையத்தக் கடைசி வரைக்கும் திருகி ஏத்தியிருப்பான். விக்கறப்போ பெட்டியக் கழட்டிக்கிட்டான், சம்சாரத்தக் கூட்டிட்டுப் போயிட்டான், வளையத்த மட்டும் அப்படியே உன்ற தலையில கட்டிட்டான். நீ பாவம், நனைஞ்சாக்கூட அறுபது கிலோ தேறமாட்டே. ஏறி உக்காந்தது வண்டிக்கே தெரியல.

இப்படி வளையத்தத் திருகி ஏத்தறதுக்குப் பேருதான் ப்ரீலோடு. ப்ரீலோடு ஏத்துனா ஸ்பிரிங் கெட்டியாயிருமுன்னு ஊரே சொல்லுது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். முன்கூட்டியே அமுக்கி வெச்சுட்டா, அந்த அமுக்கத்தத் தாண்டி பாரம் வந்தாத்தான் அது அசையும். சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கெல்லாம் கண்ணே தொறக்காது. அம்புட்டும் நேரா உன்ற முதுகெலும்புக்கு வருது.

டெய்லர் கடையில ஒரு டேப்பு வாங்கிட்டு வா. உன்னுது ஹிமாலயன் 411 தானே, 2016-ல வந்த மாடல். பின்சக்கரத்துக்கு 180 மில்லிமீட்டர் ஏறி எறங்க வழி உண்டு. நடு ஸ்டாண்டுல போட்டுச் சக்கரம் தொங்கறப்போ ஆக்சில்ல இருந்து நேர் மேல சீட்டுக்கடியில ஒரு குறி வெச்சு அள. பொறவு ஸ்டாண்ட எடுத்துட்டு, ஜாக்கெட்டு, பூட்ஸு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டி ஏறி உக்காரு. ஒருத்தன் வண்டியப் புடிச்சுக்கட்டும், இன்னொருத்தன் அதே எடத்துல அளக்கட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் மொத்தத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது 55, 60 மில்லிமீட்டர் பக்கம் இருக்கோணும். இருபதுதான் வருதுன்னா வளையத்தத் தளர்த்து. ஆளே ஏறாம வண்டி தன் எடைக்குக்கூடத் துளி எறங்கலைன்னா, டேப்பே வேண்டாம், அப்பட்டமா ஏத்தி வெச்சிருக்கான்னு அர்த்தம். திருகறதுக்கு ஹூக் ஸ்பேனர்னு ஒண்ணு உண்டு. ஸ்க்ரூடிரைவர வெச்சுச் சுத்தியில தட்டாத, வளையத்துப் பல்லும் போகும், உன்ற பல்லும் போகும்.

செயினையும் பாரு. சத்தம் வருதுன்னு போன வாரந்தான் இழுத்து முறுக்கச் சொன்னயாமே? முன் ஸ்ப்ராக்கெட்டு, ஸ்விங் ஆர்ம் போல்ட்டு, பின் ஆக்சில், இந்த மூணும் ஒரே கோட்டுல வாரப்போதான் செயின் ரொம்ப இறுகும். அப்பவும் கொஞ்சம் தொய்வு இருக்கோணும். இல்லைன்னா செயினே சக்கரத்த மேல போக விடாம இழுத்துப் புடிக்கும். கியர்பாக்ஸ் பேரிங்கு போறது தனிச் செலவு.

இத்தனையும் பாத்தாச்சு, இன்னும் அடிக்குதுன்னா, இனிமேத்தான் கையில அழுக்குப் படோணும். மெட்ராஸ்ல 1955-ல புல்லட்டு கட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்து பின்னாடி ரெண்டு சாக்கப்சர் ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிய நிக்கும்; கெட்டுப்போனா வழியில போறவன்கூடச் சொல்லுவான். உன்னுதுல ஒண்ணே ஒண்ண நடுவுல ஒளிச்சு வெச்சு, கீழ லிங்கேஜ்னு ஒரு நெம்புகோல் கூட்டமே மாட்டியிருக்கான். கண்ணுக்குத் தெரியாததுக்கு எவன் கிரீஸ் வெக்கறான்? வாரந்தவறாம வாட்டர் சர்வீஸ்னு கொண்டு போய் நிறுத்தி, துப்பாக்கித் தண்ணிய நேரா அங்கதான் பீச்சச் சொல்லுவீங்க. மேல பளபளன்னு இருக்கும், உள்ள சீல் தாண்டிப் போன தண்ணி பேரிங்கத் தின்னுட்டிருக்கும்.

நடு ஸ்டாண்டுல போட்டு, சக்கரத்துக்கடியில கட்டையக் குடுத்துட்டு, சாக்கப்சர் கீழ் போல்ட்டக் கழட்டு, லிங்கேஜையும் பிரிச்சு விடு. இப்போ சக்கரத்தோட ஸ்விங் ஆர்ம மெல்லத் தூக்கிப் பாரு. எங்கயும் புடிக்காம ஏறி எறங்கோணும். கறகறன்னு நின்னு நின்னு வருதா? அப்போ ஸ்விங் ஆர்ம் பேரிங்கும் தேஞ்சுருச்சு. லிங்கேஜ் புஷ்ஷத் தள்ளிப் பாரு, நல்லதா இருந்தா விரல்லயே வழுக்கிட்டு வரும். உன்னுது வராது. தட்டி எடுத்தா, உள்ள ஊசி ஊசியா உருளைங்க துருவுல ஒட்டிட்டு, குங்குமமாட்டம் பொடி கையில கொட்டும். பேரிங்கு செட்டு மாத்து, கிரீஸ அள்ளி அப்பு, போல்ட்ட டார்க் ரென்ச்சுல கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்கு முறுக்கு. புது சாக்கப்சர் விலையில இது கால் தூசி.

ஒண்ணு மட்டும் விளையாடாத. சாக்கப்சர நீயா ஒடைக்கறேன், சூடு காட்டறேன்னு கெளம்பாத. பலதுல உள்ள நைட்ரஜன அழுத்தி அடைச்சிருப்பான். வெடிச்சா உன்ற ஆத்தாகிட்ட நான் பதில் சொல்ல முடியாது.

எல்லாத்தையும் பாத்த பொறவும் தண்டு வளைஞ்சிருக்குது, இல்ல முந்தின புண்ணியவான் தடி ஸ்பிரிங்கா மாத்தி வெச்சிருக்கான்னு தெரிஞ்சா, அப்போ புதுசு வாங்கு, நான் குறுக்க வரல. உன் எடை எத்தனைன்னு கடைக்காரன் கேப்பான், அதுக்குத் தக்கன ஸ்பிரிங் குடுப்பான். ஜாக்கெட்டு பூட்ஸு எல்லாம் சேத்து நெசத்தச் சொல்லு. பொண்ணு வீட்டுல சொல்லி வெச்ச கணக்க அங்க சொல்லீராத.