கொட்டை போய் முந்திரி வந்த கதை

அடைத்த பேரீச்சம்பழம் பாகு கேட்காத இனிப்பு. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று எதையும் பார்க்க வேண்டியதில்லை. பதம் தப்பியதற்கு மருமகள் மேல் பழி போடவும் வழியில்லை. பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் பருப்பை வைத்தால் பலகாரம் தயார். அதனாலேயே இதைச் செய்தவருக்குப் பெயர் கிடைப்பதில்லை. "கடையில் வாங்கினதா?" என்ற கேள்விதான் இதற்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு.

செய்கிற வேலையைவிடப் பழம் வாங்குகிற வேலைதான் பெரிது. மதுரையை ஒட்டிய பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். தக்காளியும் வெங்காயமும் லாரியில் வந்து இறங்கும் அந்த ஊரிலிருந்து, பேரீச்சம்பழத்துக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குள் கீழமாசி வீதி வரை போவது நல்லது. ரமலான் நோன்புக் காலம் என்றால் காஜிமார் தெருப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். வகைவகையாகப் பழம் வரும் பருவம் அது.

அடைப்பதற்கென்றே பிறந்தது மெட்ஜூல். மொராக்கோவைச் சேர்ந்த இந்த வகையில் ஒரு பழத்துக்குள் இரண்டு முழு முந்திரி தாராளமாக உட்காரும். விலையைக் கேட்டதும் ஒரு கிலோ என்று வாயெடுத்தவர் கால் கிலோவில் வந்து நிற்பார். அடுத்தது ஈரான் நாட்டுக் கிமியா. கறுப்பு, மிருது, கத்தி பட்டதும் குழைந்துவிடும். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கீறினால் சொன்னபடி கேட்கும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குத் தெருவில் தருவார்களே, அந்தக் கட்டிப் பேரீச்சம்பழம் இதற்கு உதவாது; ஓட்டை வாளி போனதுதான் மிச்சம். கண்மாய்க் கரையில் விளையும் நாட்டு ஈச்சம்பழமோ கொட்டைக்கு உறை போட்டது போன்றது. கொட்டையை எடுத்துவிட்டால் அடைக்க இடம் இருக்கும், பழம் இருக்காது.

பழத்தை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும். 'கொட்டை நீக்கியது' என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் விரித்துப் பார்த்துவிடுவது பல்லுக்கு நல்லது. சில பழங்களுக்குள் சிறு வண்டு குடியிருக்கும் என்பதால், சைவப் பலகாரம் என்ற பெயரைக் காப்பாற்றவும் இந்தச் சோதனை அவசியம்.

முந்திரி, பாதாம் இரண்டையும் எண்ணெய் விடாமல் இளஞ்சூட்டில் வறுத்து, முழுக்க ஆறவிட்டு வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி கோத்து மொறுமொறுப்பு போய்விடும். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அப்படியே திணிப்பவர்கள் உண்டு. அந்த ஈரத்தில் இனிப்பு சீக்கிரம் கெடும். முந்திரி விலை கட்டாதவர்கள் பொரிகடலையையும் வறுத்த எள்ளையும் ஒன்றிரண்டாகப் பொடித்து, ஏலக்காய் சேர்த்து, நெய் விட்டுப் பிசைந்து அடைக்கலாம். சொல்லப்போனால் ருசியில் இதுவே முந்திரியை மிஞ்சும். பேரீச்சையின் திகட்டலை எள்ளின் லேசான கசப்பு அடக்கிவிடுகிறது. தேங்காய்த் துருவல் வைத்தால் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஒரு பிரச்சினையே அல்ல.

சாக்லேட்டில் முக்கி எடுப்பது இப்போதைய நாகரிகம். சாக்லேட் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். சித்திரை மாதத்து மதுரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே திருவிழாவுக்கு வரும் விருந்தாளிக்கு இதைத் தட்டில் வைத்து நீட்டினால், அவர் பழத்தைத் தின்பதைவிட விரலை நக்குவதே அதிகமாக இருக்கும். மார்கழியில் செய்துகொள்ளலாம்.

வறுத்த பருப்பு அடைத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை என்று சொல்லி, சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் டப்பாவைத் தேடி வருவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், யாரும் சேர்க்கவில்லை. ஆனால் உலர்ந்த பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இயற்கையிலேயே சர்க்கரை.