உடை உபயம்: மரவள்ளிச் சாக்கு

கைதிகளைப் பற்றிய நாடகம் என்றதும் உடை வடிவமைப்பாளரின் கை தானாகவே பட்டை போட்ட துணியைத் தேடிப் போகும். கதை 1788-இல் சிட்னிக்குத் தீவாந்தர சிட்சை வாங்கிப் போனவர்களுடையது என்றால் அந்தக் கையில் ஓர் அடி வையுங்கள். பட்டைச் சட்டை அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கச் சிறைகள் பிரபலப்படுத்திய அழகு. மஞ்சள் பாதி, கறுப்பு பாதியாக ஆளை இரண்டாகப் பிளந்து காட்டும் உடையும் பிற்பாடு டாஸ்மேனியா பக்கம் வந்ததுதான். கால் விலங்கைக் கழற்றாமலே மாட்டுவதற்காக அந்தக் கால்சட்டைக்குப் பக்கவாட்டில் நெடுகப் பொத்தான் வைத்திருந்தார்கள். இப்படி யோசித்துத் தைக்கிற அளவுக்கு அரசாங்கம் தேறப் பல வருடம் பிடித்தது. 1788-இல் கைதிக்குச் சீருடை என்றால், கிடைத்தது எதுவோ அது.

கதையை முதலிலிருந்து பார்ப்போம். அமெரிக்கா சுதந்திரம் வாங்கிக்கொண்டு போனதும், தன் திருடர்களை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று பிரிட்டனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வரைபடத்தில் இதற்குமேல் தூரம் போக முடியாது என்கிற இடமாகப் பார்த்து விரலை வைத்தார்கள். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பின. உள்ளே எழுநூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள். அவர்களின் குற்றப் பட்டியல் பல இடங்களில் ஜவுளிக்கடை ரசீது மாதிரி இருக்கும். ஜேம்ஸ் கிரேஸ் என்ற பையன் பதினொரு வயதில் எடுத்தது பத்து கஜம் ரிப்பனும் ஒரு ஜோடி பட்டுக் காலுறையும். புகைபோக்கி துடைக்கும் ஜான் ஹட்சன் ஒன்பது வயதில் மாட்டியது சட்டை, காலுறை, ஏப்ரன், கூடவே ஒரு கைத்துப்பாக்கிக்காக.

துணி திருடியவர்களை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பிய அரசாங்கம் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டது. பெண் கைதிகளுக்கான துணிமணி ஊரிலேயே நின்றுவிட்டது. கூடவே துப்பாக்கிக் குண்டுகளும். காவலுக்கு வந்தவனிடம் குண்டு இல்லை, காவலில் இருப்பவளிடம் கவுன் இல்லை. இப்படி ஒரு சமத்துவத்தோடு ஒரு சாம்ராஜ்யம் கடலில் மிதந்து போனது.

ஆளுநராகப் போன ஆர்தர் பிலிப் பாவம், கணக்குப் பார்க்கிற மனிதர். ‘லேடி பென்ரின்’ கப்பலில் ஏற்றப்பட்ட பெண்களின் கோலத்தைப் பார்த்து, அழுக்கும் அரை நிர்வாணமுமாக இவர்களை அனுப்பிய நீதிபதிகளுக்குத்தான் அவமானம் என்று கிளம்பும் முன்பே எழுதிவிட்டார். வழியில் ரியோ டி ஜெனிரோவில் கப்பல்கள் நின்றபோது போர்ச்சுகீசியரிடம் குண்டு வாங்கினார். நூறு மூட்டை மரவள்ளி மாவும் வாங்கினார். மாவு சாப்பிட, சாக்கு உடுத்த. அது கெட்டியான ரஷ்யத் துணிச் சாக்கு, கைதிகளுக்கு உடையாகும் என்று மேலிடத்துக்குக் கடிதமும் போட்டார். ஆஸ்திரேலிய நாகரிக உடையின் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் அத்தியாயத்தை இந்த மூட்டைகளுக்குத்தான் ஒதுக்க வேண்டும்.

1788 ஜனவரியில் சிட்னிக்குப் பக்கத்திலுள்ள பாட்டனி பேயில் போய் இறங்கினார்கள். கரையில் நின்ற பூர்வகுடி மக்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம். வந்திருப்பவர்கள் வழுவழுவென்று மழித்த முகத்தோடு, கழுத்திலிருந்து கால்வரை எதையோ சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இது ஆணா, பெண்ணா? சைகையில் கேட்டார்கள். லெப்டினன்ட் பிலிப் கிட்லி கிங் தன் ஆட்களில் ஒருவனைப் பார்த்து, சந்தேகத்தைத் தீர்த்து வை என்று உத்தரவு போட்டார். அவன் கால்சட்டையை இறக்கினான். கரையில் பெரும் ஆரவாரம். இதைக் கிங்கே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கரையில் ஐரோப்பியர்கள் நடத்தி ஆரவாரம் வாங்கிய அந்தக் காட்சிக்கு உடைச் செலவு பூஜ்யம்.

உடை இல்லாமல் நிம்மதியாக இருந்தவர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலையும் நடந்தது. அந்த வருடக் கடைசி நாளில் அரபானூ என்பவரைப் பிடித்து வந்து, குளிப்பாட்டி, முடி வெட்டி, சட்டை கால்சட்டை போட்டுவிட்டார்கள். கையில் விலங்கும் மாட்டினார்கள். அதை நகை என்று நினைத்து அவர் முதலில் மகிழ்ந்துபோனாராம். எதற்கென்று புரிந்ததும் கொதித்தார். அடுத்த மே மாதம் பெரியம்மையில் இறந்துபோனார். இந்த இடத்தில் நாடகத்தில் சிரிப்பு வந்தால் வடிவமைப்பாளர் கோட்டைவிட்டார் என்று அர்த்தம்.

குடியேற்றத்தில் இதற்குள் துணிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. கைதிகளுக்கு வந்த உடை மட்டம். கிழிந்தால் தைக்க நூல் அனுப்பவில்லை. செருப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்று பிலிப் புலம்பினார். காவலுக்கு வந்த கடற்படை வீரர்களின் சிவப்புக் கோட்டும் வெயிலில் தேய்ந்துகொண்டிருந்தது. 1790-இல் காவல் மாற்றும் அணிவகுப்பில் காலணி உள்ளவர்களைவிட வெறுங்காலர்களே அதிகம் என்று கேப்டன் வாட்கின் டெஞ்ச் எழுதுகிறார். ஒட்டுப் போடும் திறமையில் பெண்களை மிஞ்ச ஆளில்லை என்று பாராட்டவும் செய்கிறார். ஆள் பாதி, ஆடை பாதி என்றால் சிட்னியில் அன்று இருந்தது முக்கால் ஆள், கால் ஆடை.

இந்த லட்சணத்தில்தான் நாடகம் போட்டார்கள். 1789 ஜூன் 4, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள். முந்தைய குளிர்காலத்தில் மன்னருக்குச் சித்தம் கலங்கித் தெளிந்திருந்தது இவர்களுக்குத் தெரியாது. வந்து இறங்கியதிலிருந்து இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பல்கூட எட்டிப் பார்க்கவில்லை. போட்டது ஜார்ஜ் ஃபார்க்கர் எழுதிய ‘ரெக்ரூட்டிங் ஆபீசர்’ என்ற 1706-ஆம் வருடத்து நகைச்சுவை நாடகம். அதில் சில்வியா என்ற சீமாட்டி ஆண் வேடம் போட்டுக்கொண்டு பட்டாளத்துக்கு வருவாள். நடித்தவர்கள் கைதிகள். மண்சுவர்க் குடிசை, சாயம் தோய்த்த காகிதம் மூன்று நான்கு கஜம், மலிவு மெழுகுவர்த்தி ஒரு டஜன், பார்வையாளர்கள் அறுபது பேர். இவ்வளவையும் எண்ணிச் சொன்ன டெஞ்ச், உடையைப் பற்றி மூச்சுவிடவில்லை. முன்னுரைப் பாட்டைக்கூட, இங்கே அச்சிடும் தகுதி அதற்கு இல்லை என்று ஒதுக்கிவிட்டார். விமர்சகர் வர்க்கமும் முதல் கப்பலிலேயே வந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தைத் தாமஸ் கெனீலி நாவலாக்க, அதிலிருந்து டிம்பர்லேக் வெர்ட்டன்பேக்கர் எழுதிய நாடகம்தான் ‘அவர் கன்ட்ரீஸ் குட்’. 1988-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஏறியது. அதில் இயக்குநராக வருபவர் லெப்டினன்ட் ரால்ஃப் கிளார்க். நிஜமான கிளார்க் தன் நாட்குறிப்பில் மனைவிக்காக உருகியவர். கேப் டவுனில் பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றிவிட்டு ஆடுகளை ஏற்றியபோது, இவை இன்னும் நல்ல சகபயணிகள் என்று சந்தோஷப்பட்டவர். அப்படிப்பட்டவரைக் கலைத்தாகம் கொண்டவராக்கிய பெருமை இலக்கியத்தைச் சேரும்.

வடிவமைப்பாளரின் வயிற்றில் புளி கரைவது இந்த நாடகத்தில்தான். ஒரு சிறு குழு இருபதுக்கும் மேற்பட்ட வேடங்களைக் கட்ட வேண்டும். சிவப்புக் கோட்டை மாட்டினால் அதிகாரி, கழற்றினால் கைதி. செலவை மிச்சம்பிடிக்கிற ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1789-இல் கைதிகள் போட்ட அந்த நாடகம் நடந்ததற்குப் பத்து வாரம் முன்பு, மார்ச் 27 அன்று, கள்ளச் சாவி போட்டு அரசாங்கக் கிடங்கில் திருடியதற்காக ஆறு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஆறு பேரும் கடற்படை வீரர்கள். எனவே கோட்டைப் புத்தம்புதிதாகத் தைத்து, பொத்தானுக்குப் பாலிஷ் போட்டு அனுப்பாதீர்கள். முழங்கையில் ஒட்டு வேண்டும். கைதியின் சட்டையில் இருக்கிற அதே துணி, அதே கோணல் தையல். யார் காவல், யார் களவு என்று ஆறாவது வரிசைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

கைதிகள் அதோடு விடவில்லை. 1796 ஜனவரியில், முதல் கப்பல்களில் வந்த கைதியும் ரொட்டி சுடுபவருமான ராபர்ட் சைடவே சிட்னியில் முறையான நாடக அரங்கமே திறந்துவிட்டார். கட்டணத்தைக் காசாகத்தான் தர வேண்டும் என்றில்லை. மாவாகவோ இறைச்சியாகவோ சாராயமாகவோ கொடுக்கலாம். உடைகளைப் பெரும்பாலும் நடிகர்களே தைத்துக்கொண்டார்கள், கண்டவர்கள் மெச்சவும் செய்தார்கள். ஒரே ஒரு குறை. ஊர்ப் பெரிய மனிதர்கள் மெய்மறந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய வீடுகளில் ஆள் புகுந்து சுருட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாடகத்துக்குத் துணி எங்கிருந்து வந்தது என்று தையற்காரரிடம் கேட்பது அவ்வளவு மரியாதை இல்லை.