எனக்கென்ன அவசரம், தம்பி?

1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர் ஓவன் சர்ச்சில். தண்ணீருக்கு மேலேயே இருந்து சாதித்த அந்த மனிதர்தான் பின்னாளில் அமெரிக்கர்களுக்குக் காலில் மாட்டும் ரப்பர் ஃபின் விற்றார். பிரான்ஸின் லூயி த கொர்லியே 1933-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. ஃபின் விற்பது ஒரு தொழில், அதை மாட்டிக்கொண்டு மூழ்குவது வேறு தொழில் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஸ்கூபா டைவிங்குக்கு ஃபின் வாங்க நான் போன கடையிலும் அப்படித்தான். "ஸ்பீடு வேணுமா சார்?" என்றுதான் கடைத் தம்பி ஆரம்பித்தார். கடலுக்கடியில் எனக்கென்ன அவசரம்? வேகமாக உதைத்தால் மூச்சு வாங்கும், சிலிண்டரில் காற்று தீரும், பார்க்கப் போன மீனும் ஓடிவிடும். மெதுவாகப் போவதற்குக் காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கிற விளையாட்டு இது.

அடுத்து, கனத்த கறுப்பு ரப்பர் ஜோடி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். "மிலிட்டரிக்காரங்க போடறது சார்." போடட்டும். குளிர்கடலில் நீர் புகாத டிரை சூட் போடுபவர்களுக்கு உடைக்குள் இருக்கும் காற்று காலுக்கு ஏறிப் பாதம் மேலே மிதக்கும். அதை அழுத்திவைக்க அந்தக் கனம் வேண்டும். நான் மூழ்கப்போகும் அந்தமானின் வெதுவெதுப்பான நீரில், மெல்லிய உடையில், எனக்குக் கால் மட்டும் தொங்கிப் பவளப்பாறையை உதைத்துக்கொண்டிருக்கும். விமானத்தில் அனுமதிக்கிற 15 கிலோவில் மாற்றுத் துணிக்கும் இடம் இருக்காது.

அடுத்து வந்த, நடுவில் பிளந்த ஃபின் முழங்காலுக்கு இதம். மேலும் கீழும் உதைக்கச் சுலபம். ஆனால் தரைமணலைக் கிளப்பாமல் தவளைபோல் உதைக்கவோ, பின்னால் நகரவோ அது அவ்வளவாக ஒத்துழைக்காது.

அளவுக்கு அம்மாவைப் போனில் கேட்டிருக்கக் கூடாதுதான். "ரெண்டு சைஸ் பெருசா வாங்குடா, கால் வளரும்" என்றார். எனக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. ஃபின் தளர்ந்தால் குதிகால் உரசித் தோல் உரியும். இறுகினால் நடுக்கடலில் தசை பிடித்துக்கொள்ளும். விரல் அசைய வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம்.

கரையிலிருந்து இறங்கும் இடங்களில் கல்லிலும் சுடுமணலிலும் நடக்க வேண்டியிருப்பதால், பூட் போட்டு அதன்மேல் பட்டை மாட்டும் வகையை எடுத்தேன். பிளேடு நடுத்தர விறைப்பு. நிறம் கறுப்பு போதும் என்றேன்.

அன்றைக்குத் தம்பி சொன்ன ஒரே உண்மை அப்போதுதான் வந்தது: "மஞ்சள் எடுங்க சார். மாஸ்க் போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். கைடு உங்க ஃபின்னைப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாரு."

காலைப் பார்த்து மரியாதை செய்வது சாமியார்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மஞ்சளையே கட்டச் சொன்னேன்.