கொம்பும் காலும் சேரும் வழி

கேள்வி: ஆய்வேட்டை அச்சுக்கோக்கக் கணினியில் லேடெக் நிறுவினேன். ஆங்கிலம் அழகாக வருகிறது; தமிழ் மட்டும் வரமாட்டேன் என்கிறதே!
(வாசகி, நந்தனம்)

பதில்: தமிழ் மேல் பிழையில்லை அம்மா, லேடெக்கின் வழக்கமான இயக்கியான பிடிஎஃப்லேடெக்குக்கு யூனிகோட் எழுத்துரு நேரடியாகப் பிடிபடாது. டெக் லைவ் தொகுப்பை முழுதாக நிறுவுங்கள். சில ஜிபி இடம் போகும், காசு போகாது. அதிலுள்ள ஸீலேடெக் இயக்கிக்கு மாறி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். ‘கொ’வின் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் அதுவே உட்காரவைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய அத்தியாயங்கள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தன் நூலின் அச்சுப்படி அவலட்சணமாக வந்ததைப் பொறுக்காமல் 1977இல் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் தொடங்கியதுதான் லேடெக்கின் அடித்தளமான டெக். அந்த ரோஷம் தமிழ் ஏட்டுக்கும் வேண்டும். நூலாக்குங்கள், உங்கள் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் முதல் பிரதி எனக்கு!